ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சலும் ஒரு குழந்தையின் இதயமும்

வாசகர் கடிதம்: எங்கள் மகனுக்கு மூன்று வயது. போன மாதம் கடுமையான காய்ச்சல் வந்தது. முதலில் வைரஸ் காய்ச்சல் என்றார்கள். பிறகு தொண்டையில் கிருமித் தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். உடம்பெங்கும் தடிப்பு வந்ததும் மருந்து ஒவ்வாமை என்று அதை மாற்றினார்கள். எட்டாம் நாள் வேறொரு மருத்துவமனையில்தான் ‘கவாசாகி நோய்’ என்று சொல்லி, மறுநாள் இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றினார்கள். காய்ச்சல் உடனே விட்டது. ஆனால் எக்கோ பரிசோதனையில் இதயத்துக்குப் போகும் ஒரு தமனியில் சிறிய புடைப்பு இருக்கிறது, இசட் மதிப்பு 3.2 என்று எழுதியிருக்கிறார்கள். தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுக்கிறோம். இந்த நோயின் பெயரை அதற்கு முன் நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. இது புதிதாகப் பரவுகிறதா? நாங்கள் கவனிக்கத் தவறினோமா? தொண்டைப் புண்ணால் வரும் இதயநோய்தான் இது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எட்டு மாதப் பெண் குழந்தையும் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கும் வருமா? மகன் இனி மற்றப் பிள்ளைகளைப் போல ஓடி விளையாடலாமா?

குழந்தைகள் இதயநோய் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனத்தை அதிகம் அழுத்துவது அந்த 3.2 என்ற எண்ணாகத்தான் இருக்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். குழந்தையின் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ப அந்தத் தமனி எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த அளவிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டுவதே இசட் மதிப்பு. 2-க்குக் கீழே இருந்தால் அது இயல்பான அளவு. 2 முதல் 2.5 வரை வெறும் விரிவு, 2.5 முதல் 5-க்குள் இருப்பது சிறிய புடைப்பு. 5 முதல் 10-க்குள் நடுத்தரம். 10-ஐ எட்டினாலோ, தமனியின் உள் அகலமே 8 மில்லிமீட்டரை எட்டினாலோ அதை மாபெரும் புடைப்பு என்று வகைப்படுத்துகிறோம். உங்கள் மகன் இருப்பது சிறிய புடைப்பு என்ற பிரிவில். இந்நோயில் உண்டாகும் புடைப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை ஓரிரு ஆண்டுகளுக்குள் இயல்பான அகலத்துக்குத் திரும்பிவிடுகின்றன. தொடக்கத்தில் சிறியதாக இருப்பவற்றுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். ஒன்பதாம் நாளில் சிகிச்சை கிடைத்திருப்பதும், காய்ச்சல் முதல் முறையிலேயே அடங்கியிருப்பதும் அவனுக்குச் சாதகமானவை. எனவே அவன் இதயம் கெட்டுப்போய்விட்டது என்று எண்ணி உடைந்துபோக வேண்டாம். அதே சமயம், காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளை முன்போலத் திரிகிறான், இனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணத்துக்கும் இடம்கொடுக்க வேண்டாம். இந்த நோயைப் பற்றி நான் சொல்ல வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த இரண்டாவது எச்சரிக்கையைச் சுற்றியே இருக்கிறது.

கவாசாகி நோய் என்பது உடலின் நடுத்தர அளவிலான இரத்த நாளங்களில், சிறப்பாக இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கொரோனரி தமனிகளில், ஏற்படும் அழற்சி. டோமிசாகு கவாசாகி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் 1961-இல் டோக்கியோவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அதுவரை அறிந்திருந்த எந்த நோயோடும் பொருந்தாத அறிகுறிகளின் தொகுதி ஒன்றைக் கண்டார். அதேபோன்ற குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்துக் குறித்துவந்து, 50 குழந்தைகளைப் பற்றிய விரிவான கட்டுரையை 1967-இல் வெளியிட்டார். அப்போது இது தானாக வந்து தானாகவே போய்விடும், பின்விளைவு எதுவும் விட்டுச்செல்லாத காய்ச்சல் என்றுதான் கருதப்பட்டது. ஆனால் 1970-இல் ஜப்பான் நாடு தழுவிய கணக்கெடுப்பைத் தொடங்கியபோது, குணமாகிவிட்டதாக நினைத்த குழந்தைகளில் சிலர் திடீரென இறந்திருந்தது தெரியவந்தது. பிரேதப் பரிசோதனைகள் அவர்களுடைய இதயத் தமனிகளில் புடைப்பும் இரத்த உறைவும் இருந்ததைக் காட்டின. நோய் புறத்தே அடங்கிய பிறகும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று மருத்துவ உலகம் புரிந்துகொண்டது அந்தக் குழந்தைகளை இழந்த பிறகுதான்.

இப்போது உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எதையும் தவறவிடவில்லை. முதலில் பார்த்த மருத்துவர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்றும் உங்கள் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. இந்நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை என்று தனியாக ஒன்று கிடையாது. ஐந்து நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் காய்ச்சலுடன், ஐந்து அறிகுறிகளில் நான்கு சேர்ந்திருப்பதை வைத்தே முடிவுசெய்கிறோம்: பீளை தள்ளாமல் இரு கண்களும் சிவந்திருப்பது, உதடு சிவந்து வெடித்து, நாக்கு ஸ்ட்ராபெரி பழம் போலப் புள்ளி புள்ளியாகச் சிவப்பது, உடலில் தடிப்பு, உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வீங்கி, இரண்டாம் மூன்றாம் வாரத்தில் நக ஓரங்களில் தோல் உரிவது, கழுத்தின் ஒரு பக்கத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் நெறி கட்டுவது. இவையெல்லாம் ஒரே நாளில் வரிசையாக நின்று மருத்துவரை எதிர்கொள்வதில்லை. முதல் நாள் கண் சிவந்திருக்கும், மூன்றாம் நாள் அது வெளுத்துவிடும். தடிப்பு வரும்போது கழுத்து வீக்கம் வடிந்திருக்கும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மருத்துவர் பார்த்தால், ஒவ்வொருவருக்கும் கதையின் ஒரு பக்கம் மட்டுமே கிடைக்கும். தட்டம்மை, ஸ்கார்லெட் காய்ச்சல், அடினோ வைரஸ் தொற்று, மருந்து ஒவ்வாமை ஆகிய எல்லாமே இதே தோற்றத்தைக் காட்டக்கூடியவை. சிறுநீரில் வெள்ளணுக்கள் தென்படுவதால் சிறுநீர்த் தொற்று என்று எண்ணி மருந்து கொடுக்கப்படுவதும் உண்டு; கவாசாகி நோயில் கிருமி எதுவும் இல்லாமலேயே சிறுநீரில் வெள்ளணுக்கள் வரும்.

இதில் என்னை மிகவும் கவலைப்படுத்துபவர்கள் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகள். அவர்களிடம் அறிகுறிகள் இரண்டோ மூன்றோதான் தெரியும், சில சமயம் காய்ச்சலைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனால் தமனி பாதிக்கப்படும் ஆபத்து அவர்களுக்குத்தான் மற்ற வயதினரைவிட அதிகம். அதனால்தான் அந்த வயதுக் குழந்தைக்குக் காரணம் புலப்படாமல் ஏழு நாள் காய்ச்சல் நீடித்தால், மற்ற அறிகுறி இல்லாவிட்டாலும் அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளைச் செய்ய வேண்டும் என்றும், அவை உயர்ந்திருந்தால் எக்கோ எடுக்க வேண்டும் என்றும் அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட இடத்துத் தழும்பு திடீரெனச் சிவந்து தடித்திருப்பது கைக்குழந்தைகளில் ஒரு நல்ல துப்பு. காய்ச்சலோடு வரும் குழந்தையின் தோள்பட்டையை யாரும் வழக்கமாகப் பார்ப்பதில்லை என்பதால் பெற்றோரே அதைக் காட்டலாம். காய்ச்சலின் போது கண், நாக்கு, தடிப்பு, கை கால் ஆகியவற்றைத் தேதி தெரியும்படி கைபேசியில் படமெடுத்து வைத்தால், மறைந்துபோன அறிகுறியையும் ஐந்தாம் நாள் பார்க்கும் மருத்துவர் கண்ணால் காண முடியும். அந்த ஐந்தாம் நாளில் ‘இது கவாசாகியாக இருக்குமா?’ என்று கேட்க எந்தப் பெற்றோரும் தயங்க வேண்டியதில்லை.

நாள் கணக்குக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. சிகிச்சை இல்லாமல் விட்டால் ஏறத்தாழ நான்கு குழந்தைகளில் ஒருவருக்குக் கொரோனரி தமனியில் பாதிப்பு ஏற்படும். காய்ச்சல் தொடங்கிய பத்து நாட்களுக்குள், உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் இம்யூனோகுளோபுலினை ஒரே தவணையாக, 10 முதல் 12 மணி நேரத்தில் சிரை வழியாக ஏற்றினால், அந்த ஆபத்து நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்குக் குறைகிறது. 1980-களில் முதலில் ஜப்பானிலும் பின்பு அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் இதை நிறுவின. தொடக்க காலத்தில் நூற்றுக்கு ஒருவர் இருவர் என்றிருந்த இறப்பு, இன்று நல்ல மருத்துவ வசதி உள்ள இடங்களில் மிக மிக அரிதாகிவிட்டது. பத்துப் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு முதல் தவணைக்குப் பிறகும் காய்ச்சல் தணியாது. அவர்களுக்கு இரண்டாம் தவணை, ஸ்டீராய்டு, இன்ஃப்ளிக்சிமாப் போன்ற மருந்துகள் தேவைப்படும். உங்கள் மகன் அந்தக் குழுவில் இல்லை.

‘இது புதிதாகப் பரவுகிறதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை இது. ஆனால் கண்டறியப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை பல நாடுகளில் கூடிவருவது உண்மை. 1970 முதல் தொடர்ந்து கணக்கெடுத்துவரும் ஜப்பானின் புள்ளிவிவரம்தான் இதற்கு மிகத் தெளிவான சான்று. ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் 1990-களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 110 பேருக்கு வந்த நோய், 2015-இல் 330 பேருக்கு வந்தது. பிறக்கும் குழந்தைகளின் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்த நாட்டில் இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். அடுத்த இடத்தில் தென் கொரியாவும் அதையடுத்துத் தைவானும் இருக்கின்றன. அமெரிக்காவில் அதே வயதில் லட்சத்துக்கு 20 பேரைச் சற்றுக் கடந்த அளவே. மரபணுக் கூறு ஒன்று இதில் இருக்கிறது என்று நம்புவதற்கு இந்த வேறுபாடும், ஜப்பானிய வம்சாவளிக் குழந்தைகள் வேறு நாடுகளில் வளர்ந்தாலும் அவர்களுக்கு இது கூடுதலாக வருவதும் காரணங்கள். தூண்டும் காரணி எது என்பதை அறுபது ஆண்டுகளாகத் தேடியும் எவரும் கண்டுபிடிக்கவில்லை. கோவிட் பரவிய 2020-ஆம் ஆண்டில், முகக்கவசமும் தனித்திருத்தலும் மற்றத் தொற்றுகளை அடக்கியபோது, ஜப்பானில் கவாசாகி நோயும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஏதோ ஒரு நுண்ணுயிரோ, பல நுண்ணுயிர்களோ, மரபணுவால் எளிதில் பாதிக்கப்படக்கூடிய குழந்தையின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடுகின்றன என்ற கருத்துக்கு அது வலுச்சேர்க்கிறது.

ஜப்பானுக்கு வெளியே காணப்படும் உயர்வில் ஒரு பகுதி, மருத்துவர்கள் இந்நோயை அறியத் தொடங்கியதால் வந்தது என்பதே என் கணிப்பு. முன்பும் குழந்தைகளுக்கு இது வந்திருக்கும். தட்டம்மை என்றோ மருந்து ஒவ்வாமை என்றோ எழுதி அனுப்பியிருப்பார்கள். தட்டம்மை தடுப்பூசியால் அடங்கிய பிறகு, தடிப்போடு வரும் காய்ச்சலில் கவாசாகி கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. ஆனால் எந்தப் பகுதி உண்மையான உயர்வு, எந்தப் பகுதி கூடுதலான கவனத்தின் விளைவு என்று பிரித்தறியப் பதிவேடு வேண்டும். பெரும்பாலான நாடுகளில் இது கட்டாயமாக அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் இல்லை. எண்ணப்படாத நோய்க்கு மருந்தும் ஒதுக்கப்படாது, பயிற்சியும் அளிக்கப்படாது. ஒரு மருத்துவனாக நான் இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

அந்த மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இம்யூனோகுளோபுலின் ஆலையில் வேதிப்பொருள்களைக் கலந்து செய்யப்படுவது அன்று. ஆயிரக்கணக்கானோர் கொடையளித்த இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. வேண்டும்போது விரும்பிய அளவு உற்பத்தியைக் கூட்டிக்கொள்ள முடியாது. நோய் எதிர்ப்புக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகளுக்கும், நரம்பு நோயாளிகள் பலருக்கும் இதே மருந்துதான் உயிர்நாடி. கவாசாகி குழந்தைகள் கூடக்கூட, இருக்கும் கொஞ்சத்தைப் பங்கிடும் நெருக்கடியும் கூடுகிறது. கிலோ கணக்கில் அளக்கப்படுவதால் எடை கூடிய குழந்தைக்கு மருந்தும் செலவும் கூடுகின்றன. மருந்து கைக்கெட்டாத இடத்தில் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தும் பயனில்லாமல் போகிறது.

இந்தச் சுமையின் மிகப் பெரிய பகுதியை எந்த மருத்துவமனையின் உள்நோயாளிக் கணக்கும் காட்டுவதில்லை. ஜப்பானில் இதுவரை பதிவானவர்கள் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் முதலாமவர்கள் இன்று நடுவயதைத் தாண்டிவிட்டார்கள். புடைப்பு இருந்த இடத்தில் இரத்தம் தேங்கி உறையலாம், ஆறும்போது சுவர் தடித்துப் பாதை குறுகலாம், சுண்ணாம்பு படியலாம். அகலம் இயல்புக்குத் திரும்பிய தமனியும்கூடச் சில சமயம் சுவரின் நெகிழ்ச்சியை இழந்தே இருக்கும். இவை எதற்கும் பல ஆண்டுகளுக்கு அறிகுறி இருக்காது. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், இதயத் தசைக்கு இரத்தம் குறைகிறதோ என்ற ஐயத்தில் ஆஞ்சியோகிராம் செய்துகொண்ட 40 வயதுக்குட்பட்டவர்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேரின் தமனிகளில் கவாசாகி நோயின் தடங்களாகக் கருதத்தக்கவை இருந்தன. 2012-இல் வெளியான ஆய்வு அது. குழந்தைப் பருவத்தில் யாரோ ஒரு மருத்துவர் ‘காய்ச்சல்’ என்று எழுதி முடித்த நோய், முப்பது வயதில் மாரடைப்பாக வந்து நிற்பதை நாங்கள் அஞ்சுகிறோம். குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான இதய மருத்துவரிடம் பொறுப்பு கைமாறும் பதின்பருவ இறுதியில்தான் இவர்களில் பலர் தொடர்கண்காணிப்பிலிருந்து நழுவிப்போகிறார்கள்.

உங்கள் உறவினர் சொல்வது வேறொரு நோயைப் பற்றியது. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்து, சரியாகக் குணப்படுத்தப்படாமல் போனால், சில வாரங்களில் சில குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரும். அது இதய வால்வுகளைச் சிதைக்கும். வளரும் நாடுகளில் குழந்தைகளின் இதயத்தைப் பாதிப்பதில் அதன் பங்கு இன்றும் மிகப் பெரியது. மறுபடி வராமல் தடுக்க மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுவது அந்த நோய்க்கு உயிர்காக்கும் வழி. உங்கள் மகனுக்கு வந்தது தமனி அழற்சி. பென்சிலினுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. அந்த ஊசி அவனுக்கு வேண்டாம்.

மகளைப் பற்றிய கவலைக்கு வருகிறேன். ஜப்பானில் செய்யப்பட்ட ஆய்வின்படி, இந்நோய் வந்த குழந்தையின் உடன்பிறந்தோருக்கு, அடுத்த ஓராண்டுக்குள் இது வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு. பொதுவான வாய்ப்பைவிடப் பத்து மடங்கு என்றாலும், நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு வரவில்லை என்பதே அதன் பொருள். வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் குழந்தை நோயுற்ற பத்து நாட்களுக்குள்ளேயே வந்துவிட்டது. உங்கள் வீட்டில் அந்தக் காலம் கடந்துவிட்டது. இருப்பினும் அவளுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாளுக்குமேல் நீடித்தால், அண்ணனுக்கு இந்த நோய் வந்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். மகனுக்கே இது திரும்ப வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு என்பதால், அவனுக்கு வரும் ஒவ்வொரு நீண்ட காய்ச்சலுக்கும் இதே விதி பொருந்தும்.

ஆஸ்பிரினைப் பற்றி மூன்று விஷயங்களை மறந்துவிடாதீர்கள். இந்தக் குறைந்த அளவு காய்ச்சலுக்கானது அன்று, இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு உறையாமல் தடுப்பதற்கானது. புடைப்பு இல்லாத குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் நிறுத்திவிடுவோம், உங்கள் மகனுக்குப் புடைப்பு வடியும்வரையாவது தொடர வேண்டியிருக்கும், எனவே மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். காய்ச்சலுக்கோ வலிக்கோ இபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள். அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். பாராசிட்டமால் கொடுக்கலாம். மூன்றாவது, ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு இன்ஃப்ளூயன்சாவோ சின்னம்மையோ வந்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி என்ற அரிய ஆபத்து உண்டு. ஆகவே வீட்டில் அனைவரும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சின்னம்மை வந்தவரோடு அவன் பழகியிருந்தால் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். தட்டம்மை, சின்னம்மை ஆகிய உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகளை இம்யூனோகுளோபுலின் ஏற்றிய நாளிலிருந்து 11 மாதம் தள்ளிப்போட வேண்டும், இல்லாவிட்டால் அவை பலனளிக்காமல் போகலாம். தட்டம்மை பரவும் காலமாக இருந்தால் முன்கூட்டியே போட்டுவிட்டுப் பின்னர் ஒருமுறை மீண்டும் போட மருத்துவர் முடிவுசெய்வார். இன்ஃப்ளூயன்சா ஊசியும் மற்ற உயிரற்ற தடுப்பூசிகளும் வழக்கம்போலப் போடலாம்.

சிறு குழந்தைக்கு நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. காரணமில்லாமல் வெளிறிப்போவது, வியர்ப்பது, தொடர்ந்து வாந்தியெடுப்பது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆறுதல்படாமல் அழுவது ஆகியவையே அதன் மொழி. சிறிய புடைப்புள்ள குழந்தைக்கு இப்படி நடப்பது மிகவும் அரிது. நடந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், கவாசாகி நோய் வந்த குழந்தை என்று சொல்லுங்கள்.

விளையாட்டைப் பொறுத்தவரை, ஆறு அல்லது எட்டு வார எக்கோவில் புடைப்பு பெரிதாகவில்லை என்று உறுதியானதும் அவன் மற்றப் பிள்ளைகளோடு தாராளமாக ஓடட்டும், குதிக்கட்டும். அவனைத் தனியே உட்கார வைத்துப் ‘பாவம், இதயநோய்க்காரன்’ என்று மற்றவர் பேசும்படி வளர்க்காதீர்கள். அடுத்த எக்கோ ஆறாம் மாதத்திலும், அதற்கடுத்தது ஓராண்டு நிறைவிலும் செய்ய வேண்டியிருக்கும். புடைப்பு நீடித்தால் ஆண்டுதோறும், முற்றிலும் வடிந்துவிட்டால் இன்னும் நீண்ட இடைவெளியிலும் பார்ப்போம். எக்கோ அறிக்கைகளை, இசட் மதிப்பு எழுதிய பக்கங்களோடு, இம்யூனோகுளோபுலின் ஏற்றிய தேதியைக் காட்டும் டிஸ்சார்ஜ் சீட்டையும் சேர்த்து ஒரே கோப்பில் வைத்து, படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். அவன் பதினைந்து பதினாறு வயதை எட்டும்போது அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்பதை அவனுக்கே விளங்கும்படி எடுத்துச் சொல்லி, புகைபிடிப்பதும் உடல் பருமனும் மற்றவர்களைவிட அவனுக்கு ஏன் கூடுதலாகத் தீங்கு செய்யும் என்பதையும் பேசி, கோப்பை அவன் பொறுப்பிலேயே ஒப்படையுங்கள். பெரியவர்களுக்கான இதய மருத்துவர் அவனை முதன்முதலாகப் பார்க்கும்போது, மூன்று வயதில் நடந்ததை அவரிடம் அவனால் சொல்ல முடிய வேண்டும்.